கலர் துணியை அவிழ்த்தவன்

என் தாய்மாமாவுக்கு எழுத்து ஏறாது. இதை வெளியே சொல்வதில் அவருக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை. எண்பதை நெருங்கும் வயதில் இன்றும் புதியம்புத்தூரில் சொந்தத் தையல் பட்டறை நடத்துகிறார். ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் பேச்சாகவே வருகின்றன. பேசியே பதிலும் அனுப்புகிறார். இப்படி எழுத்து ஏறாததற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் என்றும், அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் என் மகள் சமீபத்தில் எனக்கு விளக்கினாள். வாழ்நாள் முழுக்க வாத்தியாராக இருந்தவன் நான்; வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அன்றிலிருந்து ஒரு காலாண்டு விடுமுறை மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

மாமா சிறுவயதில் கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தார். அப்பா தலைமையாசிரியர். அக்கா வீட்டுக்காரரிடம் விட்டால் பையன் தேறிவிடுவான் என்று அம்மா வீட்டில் நினைத்தார்கள். தினமும் சாயங்காலம் அப்பா அவரை வாசிக்கச் சொல்வார். வரி பாதியில் நிற்கும், அடி விழும். ஒருநாள் மாமா பஸ் ஏறிப் புதியம்புத்தூர் போய் ரெடிமேட் துணிப் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டார். எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் அங்கே கட்டிங் மாஸ்டர்.

"அ, ஆ தெரியாத மாஸ்டர்" என்று சாப்பிடும்போது அப்பா சொல்வார். அம்மா சிரிக்கமாட்டாள். நான் சிரிப்பேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்த விடுமுறைக்கு மாமாவிடம் அனுப்பினார்கள். தீபாவளிச் சரக்கு நேரம். தகரக் கொட்டகைக்குள் வரிசையாகத் தையல் மெஷின்கள். காலையில் முதலாளி துணிப் பொதியின்மேல் உட்கார்ந்து அன்றைய ஆர்டரை உரக்க வாசிப்பார். மாமா கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்; கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்குவார். சிறுமிகளின் கவுனுக்கு உடம்பு ஒரு குவியல், கை ஒரு குவியல், காலர் ஒரு குவியல். அளவுக்கு ஒரு நிறமாகக் கந்தல் துணியைக் கிழித்துக் கட்டுகளில் கட்டிவிடுவார். சின்ன அளவுக்கு மஞ்சள், அடுத்ததற்கு நீலம், பெரியதற்குச் சிவப்பு. தைக்கும் அக்காமார் மஞ்சள் உடம்பையும் மஞ்சள் கையையும் எடுத்துப் போவார்கள். பேச்சும் நிற்காது, மெஷினும் நிற்காது.

எனக்கு மட்டும் அந்தக் கந்தல் துணிகளைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. எழுதத் தெரியாததை மறைக்க மாமா செய்யும் தந்திரம் என்று நினைத்தேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட, லீவின் கடைசி நாளான அன்று மத்தியானம் என்னைக் கூட்டிப்போக அப்பா வருகிறார். இதைப் பார்த்தால் அவருக்கு ஒரு வருடத்துக்குச் சிரிக்கக் கிடைத்துவிடும். அன்று செய்ததை மாமாவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் என் மாமா என்பதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கலர் துணிகளை எல்லாம் அவிழ்த்தேன். வெள்ளை நூலால் கட்டினேன். காகிதத் துண்டுகளில் அளவை முத்து முத்தாக எழுதி நூலுக்குள் செருகினேன். ஒரு பிழையும் இல்லை.

அந்தக் காகிதத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கட்டைத் தூக்கியதும் அது கீழே விழுந்து மிதிபட்டது. மாமா அடுத்த துணியை விரிப்பதில் மும்முரமாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா கவுன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"மாஸ்டர், இந்தப் பிள்ளைக்கு ஒரு கை மட்டும் சடங்கான வயசுக்கு வளந்துட்டு!"

கொட்டகையே சிரித்தது. பிறகு அவரவர் மெஷினில் இருப்பதை எடுத்துப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

முதலாளி ஓடி வந்தார். "கலர் துணியெல்லாம் எங்கலே? சாயங்காலம் லாரி வருது. இன்னைக்கு ஏத்தலன்னா மதுரக்காரன் சரக்கே வேண்டாம்னுருவான்!"

மாமா ஒரு கட்டை எடுத்து வெள்ளை நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். காலடியில் கிடந்த காகிதத்தைக் குனிந்து எடுத்தார்.

"இது இவன் கையெழுத்துல்லா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமாவுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சிரக்கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யார் முன்னால் கத்துகிறேன் என்று உறைத்தது. மாமாவின் வேலையை என் வாயாலேயே முடித்துவிட்டேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தெரியாதாக்கும்? வேலைக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டாம்லா. 'அண்ணாச்சி, எனக்கு எழுத்து ஏறாது, காதுல சொல்லுங்க, வெட்டித் தாரேன்'னான். அந்தக் கலர் துணி நாங்க ரெண்டு பேரும் சேந்து யோசிச்சதுல்லா."

"நல்லா ரகசியத்தக் காப்பாத்துனான் போ" என்றாள் அந்த அக்கா.

அழுகைக்கு நடுவிலும் எனக்கு மூச்சு வந்தது. வேலை போகாது. அதற்குள் அப்பா என் கன்னத்தை நோக்கிக் கையை ஓங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால் மாமா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"அத்தான், இங்கன அடி கிடையாது."

சத்தமாகச் சொல்லவில்லை. கையை உடனே விடவும் இல்லை. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை மெதுவாகக் கீழே இறங்கியது.

முதலாளி ஆர்டர் தாளை அப்பாவிடம் நீட்டினார். "சார், நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. நான் போய் லாரிக்காரனப் பிடிச்சு நிறுத்துதேன்."

அப்பா துணிப் பொதியின்மேல் உட்கார்ந்து வாசித்தார். மாமா டேப்பை வைத்துக் கட்டுகளை அளந்து பிரித்தார். "கொஞ்சம் மெதுவா, அத்தான்" என்றார் ஒருமுறை. அப்பா அந்த வரியை முதலிலிருந்து மெதுவாக வாசித்தார். அக்காமார் தப்பாகத் தைத்ததைப் பிரித்தார்கள். மாமா கைகாட்டிய கட்டுகளில் எல்லாம் நான் கலர் துணியைக் கட்டினேன். வெயில் இறங்கியபோது லாரி கிளம்பியது. கொட்டகை முழுக்கப் பெருமூச்சும் சிரிப்பும். மாமா என் காதைத் திருகி, "ஏலே மருமவனே, அடுத்த லீவுக்கும் வா. எழுதுததுக்கு மட்டும் ஒண்ணும் கொண்டு வராத" என்றார்.

பஸ் எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டிய பிறகு, அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்கன எல்லாரும் அவன்கிட்ட நல்லா இருக்காங்க, என்ன?"

"ஆமாப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த 'அ, ஆ' கேலி எழவில்லை. அப்பா என்மேல் கோபமாக இருப்பதால்தான் சாப்பாட்டின்போது பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ, மாமாவின் வேலையும் என் கன்னமும் தப்பிய சந்தோஷம்.

அடி கிடையாது என்றாரே மாமா, அது துணி தைக்கிற இடத்துக்கு மட்டுமான சட்டம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வாத்தியாராகிப் பிரம்பைக் கையில் எடுத்த பிறகும், பல வருடங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.