எத்தனை இஞ்சு, எந்தப் பக்கம்?

கருங்கல் சந்திப்பில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் பூங்கனிக்கு எழுத்தென்றால் முதலில் அளவு. பைக்குக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, தேங்காய்ப்பட்டணத்து விசைப்படகுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, விளம்பரப் பலகைக் கடையில் பிளேடு பிடித்துப் பழகியவள். கணவர் செல்வதாஸ் மஸ்கட்டுக்குப் போன பிறகு தனியாகக் கடை போட்டாள். ஓர் எழுத்து இம்மி கோணினாலும் உரித்துப் போட்டுவிட்டு மறுபடியும் வெட்டுவாள்.

போன வருஷம், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஜினிஷா தெர்மோகோல் பெட்டியில் ஒரு ரோபோவைச் சுமந்து கடைக்கு வந்தாள். நாகர்கோவிலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி. ஒவ்வொரு ரோபோவிலும் அணியின் எண் தகடு இருக்க வேண்டும். ஜினிஷாவின் அணிக்கு எண் நாற்பத்தேழு.

“எத்தன இஞ்சு மக்கா? எந்தப் பக்கம் ஒட்டணும்?”

“அதொண்ணும் போடல்லக்கா. தெளிவாத் தெரியணும்னு மட்டும் இருக்கு.”

யாருக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று பூங்கனி கேட்டாள். ஜினிஷா போட்டியின் விதித்தாளை எடுத்து நீட்டினாள். அதில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போடச் சொன்னாள் பூங்கனி. எடுத்தவர் தாளிலிருந்த அதே வரியைத் திரும்ப வாசித்துவிட்டு வைத்துவிட்டார். பூங்கனி பல அளவில் எண்களை வெட்டி, ஜினிஷாவைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து வாசிக்கச் சொன்னாள். மூன்று இஞ்சு எண்ணைத்தான் தடுமாறாமல் வாசிக்க முடிந்தது. ரோபோவின் பக்கவாட்டு முழுக்கச் சக்கரம் என்பதால் முன்னும் பின்னும் ஒட்டி அனுப்பினாள்.

போட்டியன்று காலையில் ஜினிஷா அழுதுகொண்டே கூப்பிட்டாள். தகடு பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும் என்று பரிசோதகர் திருப்பி அனுப்பிவிட்டாராம். பூங்கனி கடையைப் பூட்டினாள். ஸ்டிக்கர் சுருள், பிளாஸ்டிக் அட்டை, பிளேடு, அளவுகோல் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

அங்கே போய்ப் பார்த்தால் பதினொரு அணிகள் அப்படித்தான் நின்றன. பரிசோதனைக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் முன்பக்கத் தகடு சரி, மற்றதில் தப்பு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் மேசைகளைச் சுற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பூங்கனி வாதாடவில்லை. போட்டியை நடத்திய பேராசிரியர் ஜெபமணியைத் தேடிப் போனாள்.

“சார், பிள்ளைய பேரில தப்பில்ல. எத்தன இஞ்சு, எந்தப் பக்கம்னு ஒண்ண எழுதிப் போடுங்க. எல்லாருக்கும் நான் வெட்டித் தாறேன்.”

அவர் முகம் முதலில் சுருங்கியது. இரண்டு மேசைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வெள்ளைப் பலகையில் தானே எழுதினார்: இரு பக்கவாட்டிலும், மூன்று இஞ்சு. போட்டியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்.

மெஷின் இல்லாமல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதினொரு ரோபோவுக்கும் கையாலேயே வெட்டினாள் பூங்கனி. சக்கரம் மறைத்த இடங்களில் அட்டையைச் சக்கரத்துக்கு மேலே உயர்த்தி நிறுத்தினாள். நாற்பத்தேழுக்கும் வரிசைப்படிதான் முறை வந்தது.

அவள் தகடு வெட்டிக் கொடுத்த குலசேகரம் பள்ளி அணிதான் அரையிறுதியில் ஜினிஷாவைத் தோற்கடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது ஜினிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவனுவளுக்கு நீங்க வெட்டிக் குடுத்திருக்காண்டாம்.”

“அவனுவ வண்டி ஓடினத நீ பாத்தியா?” என்றாள் பூங்கனி. “நல்லா ஓடிச்சு மக்கா.”

 ஜினிஷா பெட்டியோடு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

இந்த வருஷத்து விதிகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஜெபமணி பூங்கனிக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அளவு, நிறம், இடம், கூடவே ஒரு படமும் இருந்தது. அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டு ஒரு கேள்வி எழுதினாள்: ‘ரோபோ தலகீழா மறிஞ்சு விழுந்தா நம்பர் தெரியுமா சார்?’

ஒரு வாரம் கழித்து வந்த விதித்தாளில், ரோபோவின் அடிப்பக்கத்துக்கும் ஒரு தகடு சேர்ந்திருந்தது.