அண்ணி சொன்ன ஒரே ஒரு சரி

எங்கள் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் முட்டுக்கட்டை. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் எங்கள் ஊரில் முதுகுக்கும் முகத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் கிடையாது. அண்ணிக்கும் தெரியும். கூட்டத்தில் யாராவது இழுத்து இழுத்து, "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், "கட்டை என்ன சொல்லும்? குறுக்க கிடக்கும்" என்பார்.

நாங்கள் இந்த நிலத்தின் பூர்வகுடிகள். எல்லாருக்கும் முந்தி இங்கே வந்தவர்கள் நாங்கள். எல்லாருக்கும் பிந்தி தண்ணீர்க் குழாய் வந்ததும் எங்களுக்குத்தான். நிலத்தில் பாதியை அணைக்கட்டுக்கு எடுத்துக்கொண்டு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தபோது, ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரித்துக் கரைத்துவிடாமல் பொதுவில் ஒரு சலவைக் கம்பெனி வைத்தோம். டவுன் பெரியாஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம். டவுன்காரர்களின் அழுக்கில் எங்கள் அடுப்பு எரிகிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாருமே முதலாளி என்பதால் கம்பெனிக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: கூட்டத்தில் இருக்கிற கடைசி ஆளும் 'சரி' என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். அந்தச் சட்டத்தைப் போட்ட அன்று அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார்.

திரும்பி வந்து மடிப்புப் பிரிவுக்குத் தலைவி ஆனார். அதிலிருந்து எங்களுக்கு ஏழரைதான். புது டிரையர் வாங்கலாம் என்றோம். "பழசுக்கு என்ன வியாதி?" வேலையாட்களுக்குச் சீருடை என்றோம். "அதை யாரு துவைக்கறது?" சலவைக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்ட பிறகு யாருக்கும் பதில் வரவில்லை, சீருடையும் வரவில்லை.

எங்கள் முன்னேற்றத்துக்கென்று அரசாங்கம் ஒரு ஆலோசகரை அனுப்பியிருந்தது. வந்ததும் வராததுமாகச் சுவரில் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கட்டச் சொல்லி மெஷினில் படம் காட்டுவார், அதனால் அவர் படம்காட்டி. வெளியூர்க்காரர்கள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போக ஒரு பண்பாட்டு மையம் கட்டலாம், நாங்கள் அங்கே இயல்பாக உட்கார்ந்திருந்தால் போதும், வருமானம் தானாக வரும் என்று விளக்கினார். அண்ணி கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, "சும்மா உட்கார்ந்தா காசு வரும்னா எங்க வீட்டுக்காரரு இந்நேரம் மாளிகை கட்டியிருப்பாரு. வேண்டாம் சார்" என்றார். இன்னொரு நாள் படம்காட்டி எங்கள் நலவாழ்வை அளக்க வந்தார். ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வாழ்க்கைக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று அண்ணியிடம் கேட்டார். "நீங்க வர்றதுக்கு முன்னாடியா, வந்த பிறகா?" என்றார் அண்ணி. பாவம், மனிதர் அன்று டீ கூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்காரர் என்று சொன்னது என் அண்ணனை. கம்பெனி லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். எதற்கும் சரி சொல்கிற சுபாவம். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பார்கள். அண்ணி வேண்டாம் என்பார், அண்ணன் சரி என்பார், வீட்டில் விவகாரம் முடிந்தது.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. எங்கள் ஊரில் அந்த வியாதி ஜலதோஷம் மாதிரி ஆகிவிட்டது. அவரோடு சேர்த்து ஐந்து பேர். வாரத்துக்கு மூன்று தடவை டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். அண்ணியும் வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை என்பதால் துணைக்கு நான் போவேன். விடியுமுன் பஸ், அரைநாள் மெஷின், மறுபடி பஸ். பிழிந்து உதறிய துணி மாதிரித்தான் அண்ணன் வீடு வந்து சேருவார். மறுநாள் முழுக்கப் படுக்கை. தலையைத் தூக்கி உட்காருவதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

அந்த வருஷம் கம்பெனியில் லாபம் மிஞ்சியது. ஒரு வேன் வாங்கலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். ஐந்து பேரும் அலைச்சல் இல்லாமல் போய்வரலாம். வேனுக்கு ஓட்டுநர் வேண்டும், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொன்னேன். வரிசையாக எல்லாரும் சரி சொன்னார்கள். அண்ணியின் முறை வந்தபோது யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. புருஷனுக்காக வாங்குகிற வண்டி, வேறென்ன சொல்லிவிடப் போகிறார்?

"வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணி, நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"நிறையவே இருக்கு, உட்காருங்க தம்பி" என்றார். "வேன் வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரங்க என்ன சொல்லுவாங்க? 'உங்களுக்குத்தான் வண்டி இருக்கே, வந்துட்டுப் போங்க'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் நம்ம பிள்ளைங்க, அதுங்க பிள்ளைங்க எல்லாம் வந்துட்டுப் போய்க்கிட்டேதான் இருக்கணும். எனக்கு மெஷின் இங்க வேணும். இந்த டிரையர் ரூமுக்குப் பக்கத்துல. அந்தப் பணத்துல ரூமைக் கட்டுங்க. மெஷின் தரமாட்டோம்னு அவங்க வாயால சொல்லட்டும், அப்ப நான் பேசிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பஸ்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எரிச்சலே அதுதான். அடுத்தடுத்து கூட்டம் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே வேண்டாம். மடிப்பு மேசையில் எதிரே நின்று வேலை செய்கிற பெண்கள் அண்ணியோடு பேச்சை நிறுத்தினார்கள். சொந்தப் புருஷனை வைத்துச் சூதாடுகிறாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அண்ணி விரிப்பின் நுனியை உதறிப் பிடித்தபடி, "ஆமா, வேற யாரை வச்சு ஆடறது?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார் என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

கடைசிக் கூட்டத்துக்கு அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்துவிட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கையைத் தூக்கினார். அந்த மனிதர் கூட்டத்தில் கை தூக்கி அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு வேன் வேணும்."

"என்னங்க, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார் அண்ணி.

"வீட்ல நீதான் பேசுவ." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "நீ சொல்றது தப்பே இல்ல. மெஷின் இங்கதான் வரணும். ஆனா அது வர்ற அன்னைக்கு நானும் இருக்கணும்ல? அவ்வளவு தூரம் நின்னுக்கிட்டே போய் நின்னுக்கிட்டே வர என்னால முடியல."

அண்ணி எழுந்துவிட்டார். "நின்னுக்கிட்டா? போறப்பல்லாம் சீட்டு கெடைச்சுதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஒரு நாள்கூட கெடைக்கலையா?"

"எப்பவாவது கெடைக்கும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். நான் டிரையரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். எதற்கும் கோபப்படாத மனிதர் அப்படிச் சொன்னால் என்ன செய்வது, மூடிக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார் அண்ணி.

அத்தனை சின்னக் குரல் அவருக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. யாரும் கைதட்டவில்லை. வேன் வந்தது, எனக்கு வேலையும் வந்தது. சந்தோஷமாக ஓட்டினேன் என்று சொன்னால் பொய்.

ஆஸ்பத்திரியில் இந்த மெஷின்களுக்கெல்லாம் ஒரு அதிகாரி. வேன் வந்து கொஞ்ச நாளில் அண்ணி அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து அவரைப் பார்த்தார். எங்கள் ஊருக்கு இரண்டு மெஷின் வேண்டும் என்று கேட்டார். அதிகாரி நல்ல மாதிரிதான், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, சிரித்த முகமாகச் சொன்னார்: "உங்களுக்குத்தான் வேன் இருக்கேம்மா. ரோடும் நல்லாப் போட்டாச்சு. வந்துட்டுப் போங்க."

அச்சு அசல் அதே வார்த்தை. 'அப்பவே சொன்னேனா இல்லையா' என்று அண்ணி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "வேன் நல்ல வேன்தாங்க சார். ஒரு நாள் நீங்களும் அதுல எங்க ஊருக்கு வந்துட்டுப் போங்களேன்" என்றார். விஷயம் காதுக்கு எட்டியதும் படம்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. பூர்வகுடிகளோடு அதிகாரி ஒரே வேனில் வருவதைவிட நல்ல படம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

அதிகாரி வந்து ஏறியது மத்தியானம், ஐந்து பேரும் மெஷினிலிருந்து எழுந்து வந்த நேரம். அவரை அண்ணனுக்கும், அந்த ஐந்து பேரில் ஒருவரான பழைய பள்ளிக்கூட டீச்சருக்கும் நடுவில் உட்கார வைத்தார் அண்ணி. டவுன் எல்லை தாண்டும்வரை போட்டோ, சிரிப்பு, பாராட்டு. அப்புறம் டீச்சருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா பெரிய சத்தம் எல்லாம் போடமாட்டார். கையில் அகப்பட்டதைப் பிடித்து நெரிப்பார், அன்றைக்கு அகப்பட்டது அதிகாரியின் கை. "தேய்ச்சு விடுங்க சார், அதுதான் கேக்கும்" என்றார் முன் சீட்டிலிருந்து அண்ணி, திரும்பாமலே. பாதி வழியில் அண்ணனுக்குக் குமட்டியது. பை எடுப்பதற்குள் எல்லாம் அதிகாரியின் மடியில். பின்னால் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார், நான் வண்டியை ஓரங்கட்டி அவர் காலைத் தூக்கி வைத்தேன். படம்காட்டி கேமராவை எப்போது பைக்குள் வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

கம்பெனி வாசலில் இறங்கியதும் அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டார். மடிப்பு மேசையில் புது விரிப்புப் போட்டுப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி விரிப்புதான், அவர்களுடையதே.

"எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றார் அண்ணி. "இன்னைக்கு எல்லாருக்கும் உட்கார இடம் இருந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். படுத்திருந்தவர் மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. அண்ணிக்கும் இருந்திருக்கும், அதிகாரியின் கால்சட்டையைத் தன் கையாலேயே துவைத்து உலர்த்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். அந்த அதிகாரி தன் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டினார், அண்ணி எங்களோடு மல்லுக்கட்டினார். ரூமுக்குப் பச்சை பெயின்ட் வேண்டாம், பார்த்தாலே குமட்டும். அந்தக் கதவு வேண்டாம், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நர்ஸுக்கு அந்த வீடு வேண்டாம், ஒழுகும், அந்தப் பொண்ணு ஒரே மழையில ஓடிப்போயிடும். டீச்சர் மட்டும் அந்த ரூமைப் பார்க்கவில்லை. பெயின்ட் காய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மெஷின் இரண்டும் வந்து, நர்ஸ் வந்து, முதல் ஆளாக அண்ணன் படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முனை திரும்பி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அண்ணி சாப்பாடு போட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அண்ணன் ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார்.

"இதை மனுஷன் தின்பானா? உப்பு எங்க?"

வியாதி வந்த நாளாக அவருக்கு உப்பு கிடையாது. அத்தனை நாளும் வைத்ததைத் தின்றுவிட்டு, தின்ன முடியாவிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த மனிதர். இப்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "உன்னைத்தான் கேக்கறேன். வாயில என்ன கொழுக்கட்டையா? உப்பைக் கொண்டா!"

அண்ணி கையில் கரண்டியோடு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"முடியாது" என்றார்.