துரைசானி கொடுத்த புரோக்கலி

டில்லியில் ராசாவுக்கு முடிசூட்டின வருஷம் அது. பாளையங்கோட்டையில் இருந்த மிஷன் துரைசானிக்கு எங்கள் ஆத்துமாவைப் பற்றி இருந்த கவலை, எங்கள் குழம்புச் சட்டியைப் பற்றியும் இருந்தது. கத்தரிக்காயும் கீரையும் தின்றே கெட்டுப்போகிறோம் என்று எண்ணி, சீமையிலிருந்து வந்த விதையை எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார்கள். புரோக்கலி என்று பெயர். கோசு இனமாம், ஆனால் உருண்டை கட்டாது. நுனியில் பச்சை மொட்டாகத் திரளும், அதைத்தான் தின்ன வேண்டும். தை மாதத்து அறுப்புப் பண்டிகைக்கு அதைக் கோவிலில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஓரகத்தி என் கொழுந்தன் பெண்டாட்டி, அடுத்த வீடு. தோட்டத்துக்கு நடுவில் ஒரு வேலிதான். என் கைக்கு எதுவும் விளையும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே பீடத்துக்கு முன்னால் முதல் கூடை என்னுடையதுதான் என்று, வாய்க்காலில் துணி துவைக்கும்போதே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். சொன்ன பிறகு விளைய வேண்டியது செடியின் பொறுப்பு.

விளைந்தது. ஐப்பசி மழையில் நட்ட நாற்று, சாணி எருவுக்கும் மார்கழிப் பனிக்கும் முழங்கால் உயரம் நின்றது. நடுக்குருத்தில் குழந்தையின் கைமுஷ்டி மாதிரி மொட்டு. துரைசானி வந்து பார்த்தார்கள். அவர்கள் தமிழ் முழுவதும் வேதபுத்தகத்தில் படித்தது.

"இதன் தலையை அறுத்துப்போடு. அப்பொழுது இது பக்கங்களில் அநேகமாய்ப் பெருகும்" என்றார்கள்.

தலையை ஆட்டினேன், அறுக்கவில்லை. நான் பனைவிளையில் பிறந்தவள். குருத்தை வெட்டினால் பனை செத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். பனை இல்லாத ஊரில் பிறந்தது துரைசானியின் குற்றமா என்று நானே அவர்களை மன்னித்துவிட்டேன். ஓரகத்தியும் அறுக்கவில்லை. அவள் எதையும் என்னைப் பார்த்துச் செய்கிறவள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. என் செடிகளைச் சுற்றி உடைமரத்து முள் வைத்து அடைத்திருந்தேன். அதனால் வேலி தாண்டி, அவளுடைய எட்டுச் செடியிலும் நடுக்குருத்தைக் கடித்துத் தின்றுவிட்டது.

"எக்கா, ஒங்க ஆட்டுக்கு எங்க தோட்டந்தான் கெடச்சுதா?" என்று அவள் அழுதாள்.

ஆட்டுக்கு இரண்டு அடி கொடுத்தேன், வலிக்காத அடி. "வாயில்லா சீவன், அதுக்கு என்ன தெரியும் ஏளா" என்று ஆறுதல் சொன்னேன். மூன்று நாள் அவளுக்காக வருத்தப்பட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை.

என் மொட்டு இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருந்தேன். பண்டிகைக்கு நாலு நாள் இருக்கையில் அது நெகிழ்ந்து, கடுகுச் செடி மாதிரி மஞ்சளாய்ப் பூத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமோ, ஆடு கடித்த இடத்துக்குக் கீழே இலைக்கு ஒரு தளிர், விரல் நீளம், நுனியில் இறுகிய மொட்டு. அவள் ஒடிக்க ஒடிக்க வந்துகொண்டே இருந்தது.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் அவள் கூடை. நான் கொண்டுபோன பூவை, மணியடிக்கிற கிழவர் அலங்காரம் என்று நினைத்து, செம்பில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டார். "என் சொல்லைக் கேட்டு அறுத்தவள் நீ ஒருத்திதான்" என்று துரைசானி அவளை மெச்சினார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம்மா. மனசு கேக்கல. இருந்தாலும் நீங்க சொல்லுதீகளேன்னு அறுத்துட்டேன்."

கோவிலுக்குள் இப்படி ஒரு பொய். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். துரைசானி சொல்லைக் கேட்காதவள் நான், கேட்டது என் ஆடு என்றல்லவா சொல்ல வேண்டும்? திறந்த வாயை வீணாக்காமல் பாட்டில் சேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து பையக் கேட்டாள்: "எக்கா, அடுத்த வருசமும் அந்த ஆட்ட வச்சிருப்பீகள்லா?"

வீட்டுக்கு வந்து, அரிவாளை எடுத்து என் செடிகளின் தலையையெல்லாம் அறுத்தேன். பூத்த தண்டை அள்ளி ஆட்டுக்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்தது. முற்றிப்போனது என்று கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.