நல்ல எஞ்சின்

மகன் மைதானத்தில் தன் பொம்மை விமானத்தை முடுக்கியதும் எரிந்த விளக்கெண்ணெய் வாடை வந்தது. இலங்கையில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், என் பத்து வயதில், பெரிய துரையின் பங்களாப் புல்வெளியில் அடித்த அதே வாடை.

துரை தன் பொம்மை விமானத்துக்குச் சீமையிலிருந்து மலிவாக ஒரு எஞ்சினைத் தருவித்திருந்தார். எலுமிச்சம்பழ அளவுதான். தேயிலை ஃபாக்டரியின் எஞ்சினைக் கவனித்த அப்பாவிடமே அதையும் ஒப்படைத்தார். அதன் காற்றாடி வெட்டிய விரல்களோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார் அப்பா. "மட்டமான சாமான். சூடேறுனா நின்னுருது" என்று அம்மாவிடம் முனகுவார். ஆனால் துரை, "நல்ல எஞ்சினா?" என்று கேட்டபோது, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லதுங்க தொர" என்றார். துரை வாங்கியதை மட்டம் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் எவருக்கும் வாய் கிடையாது.

விருந்துக்கு வந்த துரைமார் முன்னால் விமானம் மேலே ஏறியது. எஞ்சின் சூடேறி நின்றது. விமானம் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து நொறுங்கியது.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரித்தபோது, அப்பா கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். "தொரையோட நல்ல எஞ்சின கெடுத்துட்டான்" என்று கணக்கப்பிள்ளை ஊருக்கே கேட்கச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. சாகும்வரை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான்தான் வெட்டினார்.

மகனின் எஞ்சின் இருமி நின்றது. நான் வாங்கிக் கொடுத்த மலிவு எஞ்சின்தான்.

"எஞ்சின் நல்லதுதாம்மா. எனக்குத்தான் சரியா ஸ்டார்ட் பண்ணத் தெரியல" என்றான்.

அவனை அறையக் கையை ஓங்கிவிட்டேன்.