முன்பின்னாகப் போட்ட மழைக்கோட்டு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில் கடிதம் சுமக்கிற வேலை நாகையாவுக்கு. வாரம் முழுக்க யாராவது அவரை ஏவிக்கொண்டே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உலு லங்காட் பக்கம் மலையேறப் போய்விடுவார். அங்கே அவரை ஏவ ஒரு பயல் கிடையாது. அந்தக் காலைப்பொழுது ஒன்றுக்காகத்தான் மனுஷன் மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அதற்கும் வந்தது வினை. எண்பத்தாறாம் வருஷக் கடைசி மழையில் தொப்பலாக நனைந்து வந்து காய்ச்சலில் படுத்தார். மனைவி நல்லம்மாள் கஞ்சி ஊற்றி, தைலம் தேய்த்து, எழுப்பி உட்கார வைத்த கையோடு தீர்ப்பும் சொன்னாள். இன்னொரு தடவை நனைந்து வந்தால் மலையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. நல்லம்மாள் சொன்னால் சொன்னதுதான். அவருடைய சிகரெட்டுக்கும் அவள்தான் கொள்ளி வைத்தாள்.

ஆகவே மழைக்கோட்டு தேடினார். கூட மலையேறும் இன்சூரன்ஸ் ஏஜெண்டு வாசுவிடம் வெளிநாட்டு ஜாக்கெட் இருந்தது. போட்டால் உள்ளே வேர்க்காதாம். அதன் விலையைக் கேட்டதுமே நாகையாவுக்கு வேர்த்துவிட்டது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தொங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு தொட்டவுடன் கிழிந்தது. மடித்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நழுவினார். கடைசியில் மோட்டார் கடையில் மலிவாக ஒரு கெட்டி ரப்பர் கோட்டு அகப்பட்டது.

வீட்டில் சோதனை நடந்தது. நாகையா கோட்டை மாட்டிக்கொண்டு குளியலறையில் நிற்க, நல்லம்மாள் நெஞ்சுக்கு நேராக வாளித் தண்ணீரை வீசினாள். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. போய் வாருங்கள் என்று அவளே உத்தரவு கொடுத்தாள்.

இங்கே மோட்டார் ஓட்டுகிறவர்கள் கோட்டை முன்பின்னாகத்தான் மாட்டுவார்கள். காற்றும் மழையும் நெஞ்சில்தானே அடிக்கும்? முதுகுப் பக்கம் திறந்து கிடந்தால் யாருக்கு என்ன? இருபது வருஷப் பழக்கம். நாகையா மலைக்கும் அப்படியே மாட்டிக்கொண்டு போனார். குளியலறையில் நின்றதும் அப்படித்தான்.

பாதி மலையில் மழை பிடித்தது. ஏற்றத்தில் குனிந்துதானே ஏறவேண்டும்? வானத்துத் தண்ணீர் முழுவதும் திறந்த முதுகில் விழுந்து, கால்சட்டைக்குள் இறங்கி, சப்பாத்தில் போய்த் தங்கியது. நெஞ்சு மட்டும் காய்ந்திருந்தது.

"அண்ணே, பின்கதவு தொறந்து கிடக்கு லா," என்றான் பின்னால் வந்த வாசு.

நாகையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு நாற்காலியில் முடங்க வேண்டியதுதான். வாசு இரக்கப்பட்டு, இறங்கியதும் தன் காரிலிருந்த மாற்று உடுப்பைக் கொடுத்தான். பூப்போட்ட சட்டை, கமகமவென்று சென்ட் வாசனை. நனைந்த துணியைப் பையில் சுருட்டி மோட்டார் கூடைக்குள் திணித்துவிட்டு, மழைவிட்ட ரோட்டில் மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்த நல்லம்மாள் சட்டையைப் பார்த்தாள். கிட்டே வந்து முகர்ந்தாள்.

"மலைக்குப் போறேன்னு போயிட்டு, உங்க சட்டைய எங்க கழட்டினீங்க?"

உண்மையைச் சொன்னால் மலை போய்விடும். சொல்லாவிட்டால் குடும்பமே போய்விடும் போலிருந்தது. ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்து, சட்டையை அவள் கண்ணெதிரே பிழிந்தார். வாசற்படியெல்லாம் தண்ணீர்.

"நனைஞ்சுட்டேன் நல்லம்மா. சத்தியமா நனைஞ்சுட்டேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஈரச்சட்டையை வாங்கினாள்.

"நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போங்க. அடுத்த வாரமும் இதே மாதிரி உங்க சட்டையிலேயே நனைஞ்சுட்டு வாங்க."