நெல்லிக்குப்பம் தொகுதி: நான் எழுதிய சுவரும் அக்காவின் ஓட்டும்

போன செவ்வாய்க்கிழமை சிதம்பரத்திலிருந்து நெல்லிக்குப்பம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே இருக்கும் என் அக்காவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். பழைய பட்டியலில் பெயர் தேடி அலைகிறவர்களுக்கு என் முட்டாள்தனமாவது உதவட்டும்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது, தையல் வேலை. பட்டியல் திருத்தத்தில் இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் இருந்ததைக் காட்டச் சொன்னதும் "நீயே பார்த்துச் சொல்லுடா" என்று என்னிடம் விட்டுவிட்டாள். நெல்லிக்குப்பம் இன்றைக்குப் பண்ருட்டித் தொகுதியில் இருக்கிறது. ஆகவே பண்ருட்டியின் பழைய பட்டியலை மூன்று நாள் புரட்டினேன். இல்லை. விசாரணைக்கு நோட்டீஸ் வந்தபோது, "பேரே இல்லக்கா, போயி இன்னா பண்ணப்போற?" என்று மேதாவி மாதிரி சொன்னேன். அவள் போகவில்லை.

காலை 7.10க்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். கடலூருக்கு 45 கிலோமீட்டர், நாற்பது ரூபாய். 8.30க்கு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டரில் நெல்லிக்குப்பம். கரும்பு லாரி முன்னால் போனால் கூடவே கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோ, ஐம்பது ரூபாய். ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. கேட்டதற்கு ஓட்டுநர் பொரிந்து தள்ளினார்.

"முன்ன எங்க ஊரே ஒரு தொகுதி சார். எங்களுக்குன்னு எம்.எல்.ஏ. இருந்தாரு. தொகுதிய மாத்தி வரைஞ்சப்போ பேரையே எடுத்துட்டாங்க. இப்ப ஒரு மனு குடுக்கணும்னாகூட பண்ருட்டிக்கு ஓடணும்."

அடப்பாவி, இது எனக்குத் தெரியாதா? இளவட்டமாக இருந்தபோது இதே ஊரில் தேர்தலுக்குச் சுவர் எழுதியவன் நான். ஒரு வருஷம் முன்னாலேயே வெள்ளையடித்து, கட்சிப் பெயரைப் போட்டு, வேறு கட்சிக்காரர்கள் எழுதாதபடி சுவர் பிடித்து வைப்போம். ஆட்டோ ஓர் அரிசி குடோனைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னேன். மேல் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் நீல எழுத்து தெரிந்தது: நெல்லிக்குப்பம் தொகுதி. என் கையெழுத்தேதான்.

அங்கேயே நின்று போனில் அந்தத் தொகுதியின் பழைய பட்டியலைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அக்கா பெயர், மேல் வரியில் செத்துப்போன மாமா பெயர். வெட்கமாக இருந்தது. என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

பிரிண்ட் எடுத்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு 11.40க்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாக்காளர் பட்டியல் முகாமுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மா பொறுமையாகப் பார்த்தார்.

"பேரு இருக்கு சார். ஆனா விசாரணை முடிஞ்சி நீக்கியாச்சே. இனிமே புது வாக்காளர் ஃபாரம்தான்."

முதல் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் காலேஜ் பிள்ளைகளோடு அக்கா வரிசையில் நின்றாள்.

நீங்கள் தேடும்போது இன்றைய தொகுதியை நம்பாதீர்கள். அன்றைக்கு எந்தத் தொகுதியில் ஓட்டுப் போட்டீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். முக்கியமாக, நோட்டீஸ் வந்தால் கையில் ஒன்றுமில்லை என்றாலும் நேரில் போய் நில்லுங்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்பும்போது அந்தச் சுவரைக் காட்டினேன்.

"முதல் ஓட்டுடா எனக்கு. யாருக்குப் போடணும்னு நீயே சுவத்துல எழுதி வச்சிடு" என்றாள். "தொகுதி பேர மட்டும் என்னைக் கேட்டு எழுது."