எதிர்வீட்டுக்காரரின் ரைசீயா

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் எதிர்வீட்டில் ஒரு மெக்சிக்கோக்காரர் இருந்தார். குள்ளம், நரைத்த மீசை, வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். டொக்டரிடமும் வங்கியிலும் அப்பாவுக்காகப் பேசுவது நான்தான். எதிர்வீட்டுக்காரர் லேபிள் இல்லாத போத்தலோடு முதன்முதலாக வந்தபோதும் மொழிபெயர்க்க இருவருக்கும் நடுவில் போய் அமர்ந்தேன்.

"டெக்கீலாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"டெக்கீலா கடையில் விற்க. ரைசீயா எங்கள் ஊரில் குடிக்க" என்றார் உடைந்த ஆங்கிலத்தில்.

போத்தலைக் குலுக்கி, குமிழிகள் உடையாமல் நிற்கின்றனவா என்று சரக்கின் வீரியத்தைப் பார்த்த பிறகே எப்போதும் ஊற்றுவார். அன்று முள் வைத்த நீண்ட இலையொன்றைக் கைகளால் காற்றில் வரைந்தார். மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

"ஆனைக்கத்தாழை!" அப்பா முந்திக்கொண்டார். "உதிலயும் காய்ச்சுறாங்களோ? ஆள் விண்ணன்தான்!" என்று அவரை மெச்சியபடி ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து மணந்தார். எதிரே அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். இருவரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"அப்பா, அவர் என்ன சொல்லுறாரெண்டால்..."

"விளங்குது பிள்ளை. நீ போய்ப் படி."

அறைக்குள் புத்தகத்தை விரித்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு அப்பா அப்படிச் சிரித்ததில்லை. அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் பொறாமைதான். அவருடைய பெயரை அப்பா கடைசிவரை கேட்கவில்லை. கேட்க நினைத்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பார்.